வாயில் காத்த பீட்டர் தங்கராஜ்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பேருந்து கல்லாற்றைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்கி, பர்லியாரில் சற்று நிற்கும். மங்குஸ்தானும் ரம்புட்டானும் பலாச்சுளையும் விற்கும் கடைகள், பயணிகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் குரங்குகள், ஆங்கிலேயர் காலத்து அரசுத் தோட்டக்கலைப் பண்ணை. இவ்வளவுதான் பர்லியார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மலையேறுகிறவர்களில் பெரும்பாலோர் ஒன்று இந்தச் சாலையில் வரவேண்டும், அல்லது பள்ளத்தாக்கின் மறுபுறம் மூச்சிரைத்துச் செல்லும் மலை ரயிலில் வரவேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்தவர்கள், மறைபரப்புப் பணியாளர்கள், உதகைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் வந்த வழி இது. தகரப் பெட்டியுடன் வெலிங்டன் படைமுகாமுக்குப் போகும் இளம் ராணுவ வீரர்களும் பல தலைமுறைகளாக இப்படித்தான் ஏறுகிறார்கள்.

1953ஆம் ஆண்டில் அப்படி மலையேறிய ஓர் இளைஞரைப் பற்றித்தான் இந்த வாரம் நாம் சிந்திக்கிறோம். அவர் பெயர் பீட்டர் தங்கராஜ். நம் பங்குகளில் கால்பந்து விளையாடும் பிள்ளைகளிடம் கேட்டால் மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று 1958இல் பெயரெடுத்தவர் இதே நீலகிரி மலையில் உருவானவர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல இடமில்லை. அவர்களுக்குச் சொல்லவேண்டிய நாம்தான் சொல்லவில்லை.

தங்கராஜ் 1935ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் முந்தைய நாளில், ஐதராபாத்தில் பிறந்தார். ஐதராபாத்தும் அதை ஒட்டிய செகந்திராபாத்தும் அக்காலத்தில் இந்தியக் கால்பந்தின் நாற்றங்கால்கள். செகந்திராபாத்தில் மார்னிங் ஸ்டார், ஃபிரண்ட்ஸ் யூனியன் என்ற சிறிய கிளப்புகளில் அவருடைய ஆட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் அவர் கோல்கீப்பர் அல்ல, சென்டர் ஃபார்வர்டு. எதிரணியின் கோலுக்குள் பந்தை அடிக்கும் வேலை. கைதட்டல், தோளில் தூக்கிக் கொண்டாடுவது, மறுநாள் செய்தித்தாளில் பெயர், எல்லாமே சென்டர் ஃபார்வர்டுக்குத்தான். அந்த இடத்தை விட்டுப் பின்னால் போய், இரண்டு கம்பங்களுக்கு நடுவே தனியாக நிற்பது இளம் வயதில் எவரும் ஆசைப்பட்டுக் கேட்கும் காரியம் அல்ல. நம் ஊர்களில் பிள்ளைகள் அணி பிரிக்கும்போது கவனித்திருக்கிறோம். ஓடத் தெரியாதவனை, அல்லது கடைசியாக வந்தவனைத்தான் கோலில் நிறுத்துவார்கள். தங்கராஜுக்கு ஓடவும் தெரியும், கோல் அடிக்கவும் தெரியும். அப்படியிருந்தும் பின்னால் போய் நின்றார். அவருடைய வாழ்வை மாற்றியது அந்த இடமாற்றம்தான்.

வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் இந்திய ராணுவத்தின் மிகப் பழைமையான காலாட்படைப் பிரிவின் பயிற்சி மையம். தென்னாட்டு இளைஞர்கள் அங்கேதான் படைவீரர்களாகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரம். சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் சில வாரங்கள் நடந்தாலே மூச்சு வாங்கும். காலை அணிவகுப்புக்குப் பிறகு பந்தாட்டப் பயிற்சி என்றால் கேட்கவே வேண்டாம். மலையில் பந்தாடியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்க்கோல் தெரியாது. பந்து எங்கிருந்து வருகிறது என்பதை மற்றவர்களின் கூச்சலை வைத்துத்தான் கோல்கீப்பர் ஊகிக்கவேண்டும். பர்லியார் பக்கத்தில் சமதரையே அரிது. கோல்கீப்பரைத் தாண்டிய பந்து காப்பிச் செடிகளுக்குள் உருண்டு ஓடைக்கே போய்விடும். தடுக்கத் தவறியவன்தான் இறங்கிப்போய் எடுத்துவர வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். கோல்கீப்பரின் அருமை சமவெளிக்காரர்களைவிட நம் மலைப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்!

ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள். உயர்ந்து வரும் பந்தைக் கூட்டத்துக்கு நடுவே எழும்பிப் பிடிப்பதில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர் வாங்கினார். அந்நாளைய தோல் பந்து மழையில் நனைந்தால் தண்ணீரை உறிஞ்சிக் கல்லாகக் கனக்கும். இன்றுள்ளதுபோல் ஒட்டிப் பிடிக்கும் கையுறைகளும் கிடையாது. 1955இலும் 1958இலும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி டூராண்டு கோப்பையை வென்றது. நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பையை நீலகிரிக்குக் கொண்டுவந்த அணி அது. நம் உதகை மறைமாவட்டம் உருவானதும் அதே 1955ஆம் ஆண்டில்தான். பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த ஆயர் அந்தோணி படியறா அவர்கள் 1970 வரை நம் முதல் ஆயராக இருந்து மறைமாவட்டத்தைக் கட்டியெழுப்பினார். கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில்தான் தங்கராஜும் இந்தியக் கால்பந்தின் கோல் வாயிலைக் காத்தார்.

1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியில் தங்கராஜ் இடம்பெற்றார். இதன் பெருமை விளங்க, நான்கு ஆண்டுகள் பின்னால் போகவேண்டும். 1952இல் ஹெல்சிங்கியில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. நம் வீரர்களில் பலர் அப்போது வெறுங்காலுடன் ஆடினார்கள். மெல்போர்னிலோ இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவிடம் 4-1 என்று தோற்றாலும் நான்காம் இடம் கிடைத்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எட்டிய மிக உயர்ந்த இடம் இன்றுவரை அதுதான். அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியின் கோல்கீப்பர் லெவ் யாஷின். ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதை 1963இல் பெற்றவர் அவர். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வேறு எந்தக் கோல்கீப்பருக்கும் அந்த விருது கிடைக்கவில்லை. வாயில் காப்பவர்களை உலகம் எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1960 ரோம் ஒலிம்பிக்கிலும் தங்கராஜ் இருந்தார். வலிமை வாய்ந்த ஹங்கேரியிடம் 2-1 என்ற கணக்கில்தான் இந்தியா தோற்றது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. பெருவிடம் 3-1 என்று தோற்றபோது நம் பக்கத்து ஒரே கோலை அடித்தவர் தமிழகத்தைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ். அதன்பின் இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. 1964இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. திருத்தந்தை ஆறாம் பவுல் புனித நாட்டுக்குத் திருப்பயணம் சென்றதும் அதே 1964இல்தான். இயேசு நடந்த மண்ணில் பேதுருவின் பெயர் தாங்கிய ஓர் இந்தியர் கோல் காத்தார் என்பதை நினைக்கும்போது நமக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

ஆனால் தங்கராஜின் வாழ்வில் நாம் அதிக நேரம் நின்று பார்க்கவேண்டிய நாள் 1962 செப்டம்பர் 4. இடம் ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம், எதிரணி தென்கொரியா. அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். காரணம் கால்பந்து அல்ல. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசிய அரசு போட்டியில் சேர்க்காததை இந்தியாவைச் சேர்ந்த விளையாட்டு நிர்வாகி சோந்தி கண்டித்துப் பேசினார். அதனால் மூண்ட கோபம் வீரர்கள் மேல் திரும்பியது. ஊரில் யாரோ பேசியதற்கு வீட்டுப் பிள்ளைகள் அடிவாங்கும் கதைதான்.

அந்தப் போட்டியின்போது தங்கராஜ் காய்ச்சலால் பாதிக்கப்பட்டிருந்தார். அவருக்குப் பதிலாக பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். முதல் சுற்றில் இதே தென்கொரியாவிடம் இந்தியா 2-0 என்று தோற்றிருந்தது. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் அரையிறுதியில் தென்வியட்நாமையும் வென்று இறுதிக்கு வந்தது. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். காலில் காயத்துடன் திரிலோக் சிங். கொரியர்கள் உயரப் பந்துகளில் வல்லவர்கள், அவர்களுக்கு எதிராக உயரமானவர் ஒருவர் வேண்டும். உடல் இன்னும் முழுமையாகத் தேறாத தங்கராஜ் எழுந்துவந்து வாயிலில் நின்றார். இங்கே பர்மனையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். அணியை இறுதிவரை கொண்டுவர உழைத்தவர் அந்த மாபெரும் நாளில் வெளியே அமர்ந்தார். விலகிக்கொடுத்த கைகளும் அந்தப் பதக்கத்தில் இருக்கின்றன.

பதினேழாவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். மூன்று நிமிடங்களில் இன்னொன்று. அதை அடித்தவர் தடுப்பாட்டத்திலிருந்து முன்னணிக்கு மாற்றப்பட்ட, தலையில் கட்டுடன் ஆடிய ஜர்னைல் சிங். அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கோலைக் காக்கவேண்டிய வேலை. கொரியர்கள் ஒரு கோல் போட்டது ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான். 2-1 என்று இந்தியா தங்கம் வென்றது. ஆசிய விளையாட்டில் கால்பந்துக்கு இந்தியா வாங்கிய கடைசித் தங்கம் அது. ரஹீம் மறு ஆண்டு ஜூனில் இறந்தார்.

அந்தப் பதினொருவரை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். தலைவர் வங்காளத்துச் சுனி கோஸ்வாமி. பஞ்சாபின் சீக்கியர் ஜர்னைல். ஐதராபாத்தின் இஸ்லாமியர் யூசுப் கான். கோவாவின் பிராங்கோ. கேரளத்தின் சந்திரசேகரன். பின்னால் தங்கராஜ். இவர்களை ஒன்று சேர்த்தவர் ரஹீம் என்ற பள்ளி ஆசிரியர். நாட்டு ஒற்றுமை பற்றி நாம் மேடையில் பேசும் உரைகளைவிட இந்தப் பெயர்ப் பட்டியல் அதிகம் பேசுகிறது.

ஒற்றுமைக்கு இதைவிடக் கடினமான சோதனை தங்கராஜுக்குக் கல்கத்தாவில் காத்திருந்தது. ராணுவ அணியான சர்வீசஸுக்குத் தலைமை தாங்கி 1960-61இல் சந்தோஷ் டிராபியை வென்று தந்த பின், அவர் படையை விட்டுக் கல்கத்தா கிளப்புகளுக்குப் போனார். கல்கத்தாவில் கால்பந்து வெறும் விளையாட்டல்ல, அது பிறப்போடு வரும் உறவு. மோகன் பகான் 1889இல் தோன்றியது. 1911இல் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி ஆங்கிலேயப் படை அணியை வீழ்த்தியதால் சுதந்திரப் போராட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. முகமதன் ஸ்போர்ட்டிங் 1891இல் இஸ்லாமியப் பெருமக்களால் தொடங்கப்பட்டு, 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்றது. ஈஸ்ட் பெங்கால் 1920இல் பிறந்தது. நாட்டுப் பிரிவினையில் வீடு வாசலை இழந்து கிழக்கிலிருந்து வந்த அகதிகளுக்கு அந்தச் சிவப்பும் தங்க நிறமும் கலந்த சட்டைதான் மிஞ்சிய ஊராக இருந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இலீஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் வென்றால் இறால் விலை ஏறும் என்பார்கள். ஒரே தெருவில் அண்டை வீட்டார் ஆட்ட நாளில் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

இந்த மூன்று கிளப்புகளுக்கும் கோல் காத்தவர் தங்கராஜ். முதலில் முகமதன் ஸ்போர்ட்டிங், 1963 முதல் மோகன் பகான், 1965 முதல் ஈஸ்ட் பெங்கால். 1966இல் ஈஸ்ட் பெங்கால் லீக்கை வென்ற காலத்தில் அவர் அங்கே இருந்தார். 1967இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

பீட்டர் என்ற பெயர் கொண்டவர் இஸ்லாமியர்களின் அன்புக்குரிய கிளப்பில் வாயில் காவலர். பிறகு அதன் போட்டிக் கிளப்பில். பிறகு அதற்கும் போட்டியான கிளப்பில். அந்த ஊரில் கிளப் மாறுகிறவரைத் துரோகி என்று ஏசுவது புதிதல்ல. தங்கராஜையோ மூன்று கூட்டத்தின் முதியவர்களும் தங்கள் ஆள் என்றே உரிமை பாராட்டினார்கள். போலந்து நாட்டின் வாடோவிட்சே என்ற சிற்றூரில் கரோல் வோய்த்திவா என்ற சிறுவன் பள்ளி நாட்களில் கோல்கீப்பராக நின்றதும், கத்தோலிக்கப் பிள்ளைகளும் யூதப் பிள்ளைகளும் எதிரெதிராக ஆடியபோது யூத அணியில் ஆள் குறைந்தால் அவர்களுக்காகவே கோல் காத்ததும் இங்கே நம் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 2014 முதல் நம் புனிதர்.

ரசிகர்களின் அன்பு எப்போதும் இப்படி இனிதாக இருப்பதில்லை. 1980 ஆகஸ்டு 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டன்சில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது பார்வையாளர் பகுதியில் மூண்ட கலவரத்தில், நெரிசலில் சிக்கி 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். பந்து பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. இதை நாம் தொலைவிலிருந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போக முடியாது. நம் பங்குகளில் தேர்த் திருவிழாவில் யார் தெரு முதலில் என்பதற்கும், அன்பியங்களின் விளையாட்டுப் போட்டியில் நடுவர் ஊதிய ஒரு விசிலுக்கும் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கும் குடும்பங்களை நமக்குத் தெரியும். ஒரே பந்தியில் நற்கருணை வாங்கிவிட்டு, வெளியே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் நம்மில் இல்லையா? மூன்று கொடிகளின் கீழும் நின்று மூன்று கூட்டத்தின் அன்பையும் பெற்ற ஒருவர் நம் மலையிலிருந்து போனவர் என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும்.

ஓய்வுக்குப் பின் அவர் பயிற்சி கொடுப்பதில் இறங்கினார். பிற்காலத்தை எஃகு நகரமான பொகாரோவில் இளம் வீரர்களை உருவாக்குவதில் செலவிட்டார். ஒலிம்பிக் வீரர், ஆசியாவில் முதல்வர். இருந்தும் புழுதி மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். 2008 நவம்பர் 24ஆம் நாள் பொகாரோவிலேயே மாரடைப்பால் இறந்தார். 2024இல் ரஹீமின் வாழ்க்கையை வைத்து வெளிவந்த மைதான் என்ற இந்தித் திரைப்படத்தில் தங்கராஜும் ஒரு பாத்திரமாக வருகிறார். நம் இளைஞர்களில் சிலர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவர் பெயரையே அறிந்தார்கள்.

ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். அடித்த கோலுக்குக் கணக்கு உண்டு. பானர்ஜி பதினேழாவது நிமிடம், ஜர்னைல் இருபதாவது நிமிடம் என்று அறுபது ஆண்டு கழித்தும் நாம் எழுத முடிகிறது. தடுத்த கோலுக்கோ எந்த ஏட்டிலும் வரிசை கிடையாது. ஜகார்த்தாவில் அந்த ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்கராஜின் கைகள் என்னென்ன செய்தன என்பது பார்த்தவர்களின் கண்களில்தான் இருந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் பழைய வீரர்களிடமும், கல்கத்தா மைதானத்தில் மழையில் நனைந்தபடி நின்ற தொழிலாளர்களிடமும்தான் அவருடைய ஆட்டம் இருக்கிறது. அவர்களும் ஒருவர் பின் ஒருவராக மறைந்துவருகிறார்கள். கோல்கீப்பரின் வாழ்க்கை வரலாறு இப்படிப்பட்டது. நினைக்கிறவர்கள் இருக்கும்வரை அது இருக்கும்.

வீட்டுத் தலைவர் வெளியூர் போகும்போது ஆளுக்கொரு வேலை கொடுத்து, வாயில் காவலரை மட்டும் விழித்திருக்கச் சொல்லிப் போவதாக ஆண்டவர் கூறிய உவமையை மாற்கு எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காவலருக்கு அங்கே பெயர் இல்லை. நம் பங்கு வெள்ளிவிழா மலர்களைப் புரட்டினால் கோயில் கட்டிய குருக்களின் படங்கள் இருக்கும், நன்கொடையாளர்களின் பட்டியல் இருக்கும். நாற்பது ஆண்டுகள் விடியற்காலையில் குளிரில் வந்து மணியடித்துக் கதவைத் திறந்த கோயில்பிள்ளையின் பெயர் இருக்காது. கொள்ளை நோய்க் காலத்தில் எஸ்டேட் லயங்களில் வீடு வீடாகப் போய்ச் சோறு கொடுத்த பெண்களின் பெயரும் இருக்காது. நடக்காமல் போன கேடுகளுக்கு யார் கணக்கு வைப்பது?

நவம்பர் இறந்தோரை நினைக்கும் மாதம். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, திருப்பலியில் வாசிக்கப் பெயர்களை எழுதிக் கொடுக்கிறோம். வரும் நவம்பர் 24ஆம் நாள் காலைத் திருப்பலியில் வாசிக்கும் பட்டியலில் பீட்டர் தங்கராஜ் என்ற பெயரையும் சேர்க்கிறோம். உங்கள் பங்கில் வாயில் காத்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்கள் பெயரையும் எழுதிக் கொடுங்கள். முந்தைய ஞாயிறு மாலைக்குள் கொடுத்தால் போதும்.